காது தொங்கிய முயல்கள்

மூளை மருந்துகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் முதலில் தேடி எடுத்துக் காட்டுவது இரண்டு பழைய புகைப்படங்களை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் அர்விட் கார்ல்சன் என்ற மருந்தியல் ஆய்வாளர் 1950களின் பிற்பகுதியில் செய்த ஒரு சோதனையின் படங்கள் அவை. முதல் படத்தில் முயல்கள் தரையோடு ஒட்டினாற்போல் குறுகிக் கிடக்கின்றன. காதுகள் தொங்கிவிட்டன. பக்கத்தில் ஆள் நிற்பது தெரிந்தால் ஒரு முயல் என்ன செய்யும்? காதைத் திருப்பும், மூக்கு துடிக்கும், ஒரே தாவாகத் தாவி மறைந்துவிடும். இவை எதையும் செய்யவில்லை. ரிசர்பின் என்ற மருந்தை அவற்றுக்கு ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள்.

இரண்டாவது படத்திலும் அதே முயல்கள்தான். டோபா என்ற பொருளை ரத்தக்குழாயில் செலுத்தி 15 நிமிடம் ஆகியிருக்கிறது. காதுகள் நிமிர்ந்துவிட்டன. உடம்பு எழும்பிவிட்டது. கதவைத் திறந்தால் ஓடிவிடும் போல நிற்கின்றன.

ரிசர்பின் என்ற அந்த ஒரு மருந்திலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று, பார்க்கின்சன் நோயில் கட்டிலோடு கிடந்தவர்களை எழுப்பி நடக்கவைத்தது. மற்றது, மனச்சோர்வு என்றால் மூளையில் ஏதோ ரசாயனம் குறைந்துவிட்டது என்று இன்று டீக்கடையில்கூடச் சொல்கிறோமே, அந்தப் பேச்சில் கொண்டுவந்து நிறுத்தியது. முதல் பாதை நேராகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது பாதி வழியில் தடம் மாறியது என்பது என் எண்ணம். மருந்தும் ஒன்று, விலங்கின் நடத்தையும் ஒன்று. பிறகு ஏன் இப்படி ஆனது? ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்த விஷயம், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் மருந்து. ரிசர்பின் நம் நாட்டுச் சரக்கு. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரில் இருப்பது. பாம்புக்கடி, தூக்கமின்மை, சித்தக் கலக்கம் என்று பலதுக்கும் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த வேர். 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இது சித்தக் கலக்கத்தைத் தணிக்கிறது, ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். வெளிநாட்டில் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1949-இல் பம்பாயின் இதய மருத்துவர் ரஸ்தம் ஜல் வக்கீல், பி.பி. நோயாளிகள் 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ இதழில் வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரிசர்பினைத் தனியாகப் பிரித்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் போனாலே பல்லைக் காட்டிப் பாயும் செம்முகக் குரங்குகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். அவை பாயவில்லை, கையால் தொட விட்டன. நியூயார்க்கின் ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையில் நேதன் க்லைன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1954-இல் அறிக்கை எழுதினார். கட்டிவைக்கவும் அடைத்துவைக்கவும் வேண்டியிருந்தவர்கள் அடங்கினார்கள். மனதை அமைதிப்படுத்தும் மருந்து கிடைத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் கொண்டாடின.

இங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போக வேண்டும். பாயும் குரங்கு பாயவில்லை. கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். அது உள்ளே அமைதியாகிவிட்டது என்பது பார்த்தவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. பயம் போனதால் பாயவில்லையா, பயம் அப்படியே இருந்தும் பாய முடியவில்லையா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. அந்தக் காலத்து மனநல மருத்துவமனைகளிலேயே இதற்கு ஒரு துப்பு இருந்தது. ரிசர்பின் அதிகமாகக் கொடுத்த நோயாளிகளில் சிலருக்குக் கை நடுங்கியது, உடம்பு விறைத்தது, நடை சுருங்கியது. பார்ப்பதற்கு அப்படியே பார்க்கின்சன் நோய். மருந்தை நிறுத்தினால் போய்விடும். அதைப் பக்கவிளைவு என்று ஒதுக்கிவைத்தார்கள். விஷயமே அதற்குள்தான் இருந்தது என்று சில வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

அமெரிக்காவின் பெதஸ்டாவில், தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தில், பெர்னார்ட் பிராடி என்பவரின் ஆய்வகம் அந்த நாளில் மருந்தியலின் தலைநகரம் மாதிரி. அங்கே ராபர்ட் போமன் உருவாக்கிய ஒரு புதுக் கருவி இருந்தது. பொருளின் மேல் ஒளியைப் பாய்ச்சி, அது திருப்பி உமிழும் ஒளியை அளந்து, மூளைத் திசுவில் மிகக் கொஞ்சமாக இருக்கும் ரசாயனங்களைக்கூட அளக்கும் கருவி. அதை வைத்துப் பிராடி குழுவினர் 1955-இல் ஒரு பெரிய உண்மையைக் கண்டார்கள். ரிசர்பின் கொடுத்த விலங்கின் மூளையில் செரடோனின் ஏறக்குறைய முழுவதுமாகக் காலியாகிவிடுகிறது. ஒரு மருந்து மூளையின் ஒரு ரசாயனத்தைக் குறைப்பதையும், கூடவே விலங்கின் நடத்தை மாறுவதையும் சேர்த்து அளவோடு காட்டிய முதல் சோதனைகளில் ஒன்று அது. செரடோனின் போனது, விலங்கு அடங்கியது, ஆகவே செரடோனின் போனதால்தான் விலங்கு அடங்கியது. பிராடி அப்படித்தான் முடிவுக்கு வந்தார். அவர் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கார்ல்சன் அப்போது அங்கே சில மாதங்கள் பயிற்சிக்கு வந்திருந்தார். ரிசர்பின் செரடோனினை மட்டுமா காலி செய்கிறது, அதே மாதிரியான மற்ற பொருள்களையும் பார்க்கலாமே என்று பிராடியிடம் கேட்டார். பிராடிக்கு அதில் ஆர்வமில்லை. கார்ல்சன் ஊர் திரும்பி, லுண்டில் நில்ஸ் ஓக்கே ஹில்லார்ப் என்ற திசுவியல் வல்லுநரோடு சேர்ந்து தானே பார்க்கத் தொடங்கினார். நோர்அட்ரினலினும் காலியாவது தெரிந்தது. எடின்பரோவில் மார்த்தா ஃபோக்ட் என்ற பெரிய ஆய்வாளரும் ஏறக்குறைய அதே நேரத்தில் இதையே கண்டிருந்தார்.

ரிசர்பின் உள்ளே என்னதான் செய்கிறது? நரம்புச் செல்லின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. செரடோனின், நோர்அட்ரினலின், டோபமின் மூன்றும் அவற்றுக்குள்தான் சேமிக்கப்படுகின்றன. செய்தி போக வேண்டிய நேரத்தில் பை திறந்து உள்ளிருப்பதை வெளியே விடும். இந்தப் பைகளுக்குள் சரக்கை ஏற்றும் ஒரு புரதம் உண்டு. ரிசர்பின் போய் அதை அடைத்துவிடுகிறது. பைக்குள் போக முடியாத சரக்கு செல்லுக்குள்ளேயே திரிகிறது. அங்கே அதைச் சிதைப்பதற்கென்றே ஒரு நொதி காத்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. அந்த நொதியை முடக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பிறகு ரிசர்பின் கொடுத்தால், விலங்கு அடங்குவதற்குப் பதிலாகத் துள்ளுகிறது. சிதைபடாமல் தப்பிய சரக்கு வெளியே கசிவதால் அப்படி. ஒரே ஊசி, இரண்டு நேரெதிர் நடத்தை. ரசாயனம் தெரியாமல் நடத்தையை மட்டும் பார்த்திருந்தால் தலை சுற்றியிருக்கும்.

புரதம், பை என்று இப்போது இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடலாம். கார்ல்சனுக்கு அன்று தெரிந்தது மூளையில் பல பொருள்கள் ஒன்றாகக் காணாமல் போகின்றன என்பது மட்டும். இங்கேதான் அவர் சிந்தனையின் அழகு. பல பொருள்கள் சேர்ந்து போயிருந்தால், எது போனதால் முயல் விழுந்தது என்று காலியானதை அளந்து கண்டுபிடிக்க முடியாது. திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக.

செரடோனினை நேராக ஊசியில் போட்டால் அது மூளைக்குள் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு விடாது. அதன் மூலப்பொருள் போகும், உள்ளே போய்ச் செரடோனினாக மாறும். நோர்அட்ரினலினுக்கு அந்த மூலப்பொருள்தான் டோபா. கார்ல்சன் முதலில் செரடோனினின் மூலப்பொருளைக் கொடுத்தார். முயல் எழவில்லை. டோபாவைக் கொடுத்தார். எழுந்தது! 1957-இல் ‘நேச்சர்’ இதழில் மார்கிட் லிண்ட்க்விஸ்ட், டோர் மக்னுசன் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை மிகச் சிறியது. பிராடியின் முடிவை அது அப்படியே புரட்டிப் போட்டது. செரடோனினும் காலியாகியிருந்தது உண்மைதான். ஆனால் முயல் படுத்ததற்குக் காரணம் அது இல்லை.

சரி, அப்படியென்றால் நோர்அட்ரினலின் திரும்பி வந்ததால்தான் எழுந்தது, அவ்வளவுதானே? கார்ல்சன் அதோடு விட்டிருந்தால் இன்னொரு தவறான முடிவு பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். எழுந்து நிற்கும் முயலின் மூளையை எடுத்து நோர்அட்ரினலினை அளந்தார்கள். காணோம். முயல் விழித்துத் துள்ளுகிறது, அதை எழுப்பியதாக நினைத்த பொருள் மூளையில் இல்லை. ஆராய்ச்சியில் இப்படி ஒரு முடிவு வந்தால் கருவி பழுது என்று நினைக்கத் தோன்றும்.

டோபா நோர்அட்ரினலினாக மாறும் வழியில் நடுவில் ஒரு பொருள் உண்டு, டோபமின். அது ஒரு இடைநிலை, அதற்கென்று மூளையில் தனி வேலை கிடையாது என்பதுதான் அன்றைய எண்ணம். கார்ல்சன் குழு அதை அளக்க ஒரு வழி கண்டது. 1958-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். சாதாரண மூளையில் டோபமின் இருக்கிறது, நோர்அட்ரினலின் அளவுக்கே இருக்கிறது. ரிசர்பின் கொடுத்தால் காணாமல் போகிறது. டோபா கொடுத்தால் திரும்புகிறது. முயல் விழித்திருக்கும் நேரமும் மூளையில் டோபமின் ஏறி நிற்கும் நேரமும் ஒத்துப்போகின்றன. டோபமின் வடிந்தால் காது மறுபடி தொங்குகிறது.

மருந்தையும் நடத்தையையும் முடிச்சுப் போடுவதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. எடுத்துப் பார்த்தார்கள், திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள், தவறான பொருளைத் திருப்பிக் கொடுத்தால் வேலை செய்யவில்லை என்றும் பார்த்தார்கள், நேரத்தையும் ஒப்பிட்டார்கள். இந்த நான்கில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அடுத்த வருடமே லுண்டில் பெர்ட்லரும் ரோசன்கிரெனும் நாயின் மூளையில் டோபமின் எங்கெங்கே இருக்கிறது என்று தேடினார்கள். ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழமான பகுதியில்தான் அது குவிந்திருந்தது. உடம்பின் அசைவுகளுக்கும் அந்தப் பகுதிக்கும் தொடர்பு உண்டு என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஒதுக்கிவைத்திருந்த அந்த நடுக்கமும் விறைப்பும் இப்போது பேசத் தொடங்கின. ரிசர்பின் மனதை அமைதிப்படுத்தியதோ இல்லையோ, அசைவை நிறுத்தியிருந்தது. 1960-இல் லண்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில் கார்ல்சன் இதைச் சொன்னபோது, நோபல் பெற்ற ஹென்றி டேல் உட்பட மூத்தவர்கள் பலர் நம்பவில்லை.

வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச் நம்பினார். பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையை வாங்கி, ஹெர்பர்ட் எரிங்கர் என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து ஸ்ட்ரையேட்டத்தில் டோபமினை அளந்தார். அவர்கள் பயன்படுத்திய முறையில் டோபமின் இருந்தால் குப்பியில் இளஞ்சிவப்பு நிறம் வரும். நோயில்லாதவர்களின் திசு வைத்த குப்பிகள் சிவந்தன. பார்க்கின்சன் நோயாளிகளின் குப்பிகளில் நிறம் கிட்டத்தட்ட ஏறவேயில்லை. கருவியில் வைத்து எண் பார்ப்பதற்கு முன்பே வெறுங்கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 1960-இல் கட்டுரை வந்தது. 1961-இல் வால்டர் பிர்க்மாயர் என்ற நரம்பியல் மருத்துவரை வற்புறுத்தி, நோயாளிகளுக்கு டோபாவை ஊசியில் போடவைத்தார். எழுந்து உட்கார முடியாதவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் நடந்தார்கள். சில மணி நேரம் மட்டும். முயலுக்கு நடந்தது மனிதருக்கும் நடந்தது. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் வாய்வழியாக, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய்க் கொடுத்து அதை நிலையான சிகிச்சையாக்கினார். 2000-இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹார்னிகீவிச்சுக்குக் கிடைக்கவில்லை. 200-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் அதைக் கண்டித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றிப்போயிருந்தது என்று காட்டியவர் அவர். அவர் இல்லாவிட்டால் முயல் முயலாகவே நின்றிருக்கும்.

ஓர் இடைச்செருகல். வேரைப் போலவே டோபாவுக்கும் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. பூனைக்காலி தெரியுமில்லையா? வேலியோரம் படர்ந்து, காயின் மேலுள்ள ரோமம் பட்டால் உயிர் போகிற மாதிரி அரிக்குமே, அந்தக் கொடி. அதன் விதையிலிருந்து 1937-இல் டோபாவைப் பிரித்தெடுத்தவர்கள் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும். சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில். அதற்கும் முன்பு 1913-இல் பாஸலில் மார்க்கஸ் குகன்ஹைம் ஒருவகை அவரை விதையிலிருந்து பிரித்து, இரண்டரை கிராம் தானே விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்தார். மூளையில் டோபமின் என்று ஒன்று வேலை செய்கிறது என்றே அப்போது யாருக்கும் தெரியாது. முயலைப் படுக்கவைத்த பொருளும் எழுப்பிய பொருளும் இரண்டுமே நம் மண்ணில் முளைப்பவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு வரும். அதற்காகப் பூனைக்காலிப் பொடியை வாங்கி மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம். பொடிக்குப் பொடி அளவு மாறும், டாக்டருக்குத் தெரியாமல் எடுப்பது ஆபத்து.

என் பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்து முத்தான எழுத்து. அந்த எழுத்துதான் முதலில் மாறியது. வரியின் தொடக்கத்தில் சரியாக இருக்கும், போகப் போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். செக்கில் கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். இப்போது காலையில் எழுந்ததும் முதல் வேலை லெவோடோபா மாத்திரை. இட்லி சாம்பாருக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். பருப்பிலும் பாலிலும் இருக்கும் புரதம் உடையும்போது வரும் அமினோ அமிலங்களும் டோபாவும் குடலில் ஒரே வாசலில்தான் நுழைய வேண்டும், சேர்ந்து போனால் மருந்து பின்தங்கிவிடும். மாத்திரை பிடிக்கும் வரை பெரியப்பா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு கட்டைவிரல் மெல்ல வேட்டி நுனியைத் தேடும், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார், பெரியம்மாவிடம் பேப்பர் கேட்பார். நான் அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்தால் எனக்கு லுண்ட் முயல்கள்தான் நினைவுக்கு வரும்.

முதல் பாதை இங்கே வந்து சேர்ந்தது. இனி இரண்டாவது பாதை.

1954-இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரீஸ் என்ற இதய மருத்துவர், பி.பி.க்காக ரிசர்பினை அதிக அளவில் நீண்ட நாள் எடுத்த சிலர் மனச்சோர்வில் விழுந்ததாக எழுதினார். வேறு சிலரும் அதே மாதிரி எழுதினார்கள். மருத்துவர்கள் மனதில் இரண்டு கோடுகள் ஒன்று சேர்ந்தன. விலங்கில் ரிசர்பின் செரடோனின், நோர்அட்ரினலின், டோபமின் போன்ற மூளையின் அமின்களைக் காலி செய்கிறது, விலங்கு மூலையில் குறுகிக் கிடக்கிறது. மனிதரில் ரிசர்பின் மனச்சோர்வைத் தருகிறது, மனச்சோர்வு வந்தவரும் மூலையில் குறுகித்தான் கிடக்கிறார். அப்படியானால் மனச்சோர்வு என்பது மூளையில் அமின்கள் குறைவது. 1965-இல் ஜோசப் ஷில்ட்க்ராட் இதை ஒரு முழுக் கருதுகோளாக எழுதினார். அவர் கவனமான ஆள். உறுதியாகத் தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்தே எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கவனத்தைக் கழற்றிவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கூடவே ஆய்வகங்களில் ஒரு சோதனை பரவியது. எலிக்கு ரிசர்பின் கொடுப்பது. அதன் இமை தொங்கும், உடம்புச் சூடு இறங்கும், அசைவு நிற்கும். இந்த எலியை ‘மனச்சோர்வு எலி’ என்று வைத்துக்கொண்டு, புது மருந்தைக் கொடுத்து இமை தூக்குகிறதா, சூடு ஏறுகிறதா என்று பார்ப்பது. இமிப்ரமின் போன்ற மருந்துகள் இதில் தேறின. அந்த மருந்துகள் நோயாளிகள் பலருக்கு உண்மையிலேயே உதவின, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்தச் சோதனையின் வட்டத்தைப் பாருங்கள். அமின்களைக் காலி செய்து எலியைப் படுக்கவைக்கிறீர்கள். அமின்களை ஏற்றும் மருந்து அதை எழுப்புகிறது. எழுப்பியதால் மனச்சோர்வுக்கு மருந்து என்கிறீர்கள். மனச்சோர்வுக்கான மருந்து அமின்களை ஏற்றுவதால் மனச்சோர்வு அமின் குறைபாடு என்கிறீர்கள். அமின்களைத் தொடாமல் வேறு வழியில் மனச்சோர்வைத் தீர்க்கக்கூடிய மருந்து ஒன்று இருந்திருந்தால் அது இந்த வாசலிலேயே தோற்று வெளியேறியிருக்கும். அப்படி எத்தனை வெளியேறினவோ!

இதைவிட எனக்கு மனது ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 1955-இல் லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிஸும் மைக்கேல் ஷெப்பர்டும் பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களுக்கு ரிசர்பினையே கொடுத்து, இன்னொரு பகுதியினருக்கு வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரிசர்பின் எடுத்தவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். ‘லான்செட்’ போன்ற பெரிய இதழில் வந்த கட்டுரை அது, மறைந்து கிடக்கவில்லை. கருதுகோளுக்குப் பொருந்தாததால் பல பத்தாண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2003-இல் ஆலன் பாமைஸ்டர் குழுவினர் பழைய கட்டுரைகளைத் தோண்டி எடுத்துப் படித்துவிட்டு, ரிசர்பின் மனச்சோர்வை உண்டாக்கும் என்பதற்கான சான்று நாம் நினைத்ததைவிட மிக மெலிதானது என்று எழுதினார்கள். ரிசர்பினால் மந்தமும் அசைவுக் குறைவும் வந்த பலரை மனச்சோர்வு என்று கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே பைகளைக் காலி செய்யும் டெட்ராபெனசின் என்ற மருந்தை ஹன்டிங்டன் நோய்க்குக் கொடுக்கும்போது மனச்சோர்வு வரலாம் என்ற எச்சரிக்கை இன்றும் அதன் குறிப்பில் இருக்கிறது. அதனால் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முயலிலிருந்து நேராக மனித மனதுக்குப் போட்ட கோடு அந்தப் பாரத்தைத் தாங்காது என்றுதான் சொல்கிறேன்.

2022-இல் ஜோவன்னா மான்கிரீஃப் குழு, மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரடோனின் குறைவு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதியபோது பெரிய சண்டை நடந்தது. அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. வேண்டாம். ஒரு மருந்து ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் ஆட்டம் காணலாம். அது உங்களுக்கு வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கு உங்கள் டாக்டரோடுதான் பேச வேண்டும்.

ஏன் ஒரு பாதை சேர்ந்தது, மற்றது வழுக்கியது என்ற கேள்விக்கு நான் வந்து நிற்கும் இடம் இதுதான். பார்க்கின்சனில் அசைவு போவதேதான் நோய். முயலின் அசைவும் பெரியப்பாவின் அசைவும் ஒரே வகை விஷயம், இரண்டுக்கும் கீழே அதே ஸ்ட்ரையேட்டம், இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். பார்த்ததை மனித மூளையிலும் அளந்து சரிபார்த்தார்கள். மனச்சோர்வில் நோய் வேறு இடத்தில் இருக்கிறது. உட்கார்ந்தே கிடப்பது அதன் ஒரு நிழல், அதுவும் எல்லோரிடமும் விழாத நிழல். சிரித்துக்கொண்டு ஆபீஸ் போய்வரும் மனிதருக்குள்ளும் அது இருக்கும். விலங்கிடம் நிழலை மட்டும் பார்த்துவிட்டு ஆளைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தார்கள்.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. ரிசர்பின் எலி போய், 1977-இல் ரோஜர் போர்சோல்ட் கொண்டுவந்த நீச்சல் சோதனை அந்த இடத்தைப் பிடித்தது. வெளியேற வழியில்லாத கண்ணாடி உருளையில் தண்ணீர் நிரப்பி எலியை விடுவார்கள். முதலில் சுவரைப் பிறாண்டி நீந்தும். பிறகு நீந்துவதை விட்டு, மூக்கு மட்டும் வெளியே தெரிய மிதக்கும். மிதக்கும் நேரம் நம்பிக்கையிழப்பின் அளவு, மருந்து கொடுத்தபின் அதிக நேரம் நீந்தினால் மருந்து நல்லது. நம் ஊர் பார்மசி கல்லூரிகளிலும் ஒரு மூலிகைச் சாறுக்கு மனச்சோர்வைப் போக்கும் குணம் உண்டா என்று பார்க்க மாணவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். வழியில்லை என்று தெரிந்தபின் வீணாக நீந்தாமல் சக்தியை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனமாக ஏன் இருக்கக்கூடாது? 2015-இல் மார்க் மொலன்டைக்கும் ரான் டி க்லூட்டும் அதைத்தான் வாதமாகவே வைத்தார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. காபி தூளில் இருக்கும் கஃபீன் கொடுத்தாலே எலி அதிகம் நீந்தும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆய்வறிக்கை எழுதும் மாணவர் ‘எலி இத்தனை நொடி மிதந்தது’ என்று எழுதட்டும். அதுவரை அது உண்மை. ‘எலி மனம் உடைந்தது’ என்று எழுதும்போது, எந்தச் சான்றை வைத்து அந்தப் படியைத் தாண்டினோம் என்று வழிகாட்டியாவது கேட்க வேண்டும்.

இந்த வேறுபாடு ஆய்வகத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்தால் பெரியப்பா வீட்டுக்கு வாருங்கள். பார்க்கின்சனில் முகத் தசைகளும் அசைவை இழக்கும். சிரிப்பு முகத்துக்கு வராது, இமை கொட்டுவதும் குறையும். கிரிக்கெட் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் யாரோ இறந்த செய்தி கேட்டவர் மாதிரி இருப்பார். பெரியம்மா பயந்துபோய் ஒருநாள் கேட்டார், “என்னங்க, மனசுக்கு ஏதாவது கஷ்டமா?” பெரியப்பா திரும்பாமலே, “ஏன், நல்லாத்தானே ஆடுறானுங்க!” என்றார்.

தலைகீழாகவும் நடந்தது. மருந்தின் அளவைச் சரிசெய்தபின் நடை நன்றாக இருந்த ஒரு காலம். தெருமுனை வரை போய்வந்தார், கை நடுக்கம் குறைந்தது, பார்த்தவர்களெல்லாம் ஆள் தேறிவிட்டார் என்றார்கள். டாக்டரிடம் போனபோது அவர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், எல்லாம் திருப்தி. எழுந்து கிளம்பும் நேரத்தில், “தூக்கம் எப்படி ஐயா, மனசு எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “விடியக்காலை முழிப்பு வந்துடுது டாக்டர். ஏன் எழுந்திருக்கணும்னு தோணுது. இவகிட்ட சொல்லலை” என்றார்.

டாக்டர் எங்களை மறுபடி உட்காரச் சொன்னார். இந்த நோய் உள்ளவர்களில் மனச்சோர்வு மிகச் சாதாரணம், சிலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே வந்துவிடும், டோபா மாத்திரை அசைவைச் சரிசெய்வதால் இதுவும் தானாகச் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம், இதற்குத் தனியாக வைத்தியம் உண்டு என்றார். டோபா மாத்திரையின் நேரம், அளவு எதையும் மாற்றாமல் மனநல மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நடுக்கம் எப்படி, நடை எப்படி என்று ஒவ்வொரு தடவையும் நாங்கள் டைரியில் குறித்துக்கொண்டு போவோம். அன்று முதல் பெரியம்மா அதில் இன்னொரு பத்தி போட்டுக்கொண்டார். அதை அவர் பார்த்து நிரப்புவதில்லை, பெரியப்பாவைக் கேட்டுத்தான் எழுதுகிறார்.